வெளிவேலைக்கு நெடுநாள் உழைக்கும் தோல் கையுறை: எதைப் பார்த்து வாங்குவது?

கல் அடுக்குதல், முள்கம்பி வேலி கட்டுதல், முட்புதர்களை வெட்டி அகற்றுதல், மரத்துண்டுகளைச் சுமந்து அடுக்குதல் போன்ற வேலைகளுக்காக வாங்கும் தோல் கையுறைகள் சில வாரங்களிலேயே கிழிந்துபோகின்றன என்றும், இனி இன்னும் தடிமனான தோலாகப் பார்த்து வாங்கினால் அவை நீடித்து உழைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தடிமனை மட்டும் கூட்டினால் பெரும்பாலும் பலன் இருக்காது என்பதே என் பதில். தோலின் எந்த அடுக்கில் கையுறை வெட்டப்பட்டிருக்கிறது, தையல் எங்கே விழுகிறது, கைக்கு அளவாக இருக்கிறதா, நனைந்த பின் எப்படி உலர்த்தப்படுகிறது என்பவைதான் ஒரு கையுறையின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. தடிமன் இவற்றுக்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது.

புதிதாக ஒன்றை வாங்குவதற்கு முன், கிழிந்த பழைய கையுறையைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அது எந்த இடத்தில் போயிருக்கிறது என்பதைக் கொண்டே அடுத்து வாங்க வேண்டியது எது என்பதைப் பெருமளவு சொல்லிவிடலாம். தோல் நன்றாக இருக்க, நூல் மட்டும் அறுந்து விரல் பிளந்திருந்தால், குறை தோலில் இல்லை, தையலில்தான் இருக்கிறது. அப்போது தடிமனான தோலை வாங்கினாலும் அதே இடத்தில்தான் பிளக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டில் கிழிந்திருந்தால், கையுறை இறுக்கமாக இருந்திருக்கும், அல்லது அந்த இடத்துக்கு மேல்ஒட்டு (மேலே வைத்துத் தைத்த கூடுதல் தோல்துண்டு) எதுவும் இல்லாமல் இருந்திருக்கும். விரல்நுனிகள் மட்டும் ஓட்டையாகியிருந்தால், கையுறையின் விரல் நீளம் உங்கள் விரலைவிட அதிகம். மிஞ்சி நிற்கும் தோல் மடங்கி, பிடிக்கும் பொருளோடு ஓயாமல் உரசித் தேய்ந்திருக்கிறது. விரல் மடங்கும் இடங்களில் தோல் விறைத்து வெடித்திருந்தால், நனைந்த கையுறையை வெயிலிலோ அடுப்பருகிலோ உலர்த்தியதுதான் காரணமாக இருக்கும். உள்ளங்கையின் நடுப்பகுதி சீராக மெலிந்து கடைசியில் துளை விழுந்திருந்தால் மட்டுமே அந்தக் கையுறை தன் ஆயுளை முழுமையாக வாழ்ந்து முடித்தது என்று சொல்லலாம். அங்கேதான் தடிமனோ, இரட்டைத் தோலோ உண்மையாகவே உதவும்.

இனி தோலுக்கு வருவோம். பதனிடும் தொழிற்சாலையில் மாட்டின் தடிமனான தோலை இயந்திரத்தில் கொடுத்துக் குறுக்கே இரண்டு மூன்று அடுக்குகளாகப் பிளக்கிறார்கள். மயிர் இருந்த பக்கத்து மேலடுக்குக்குக் கிரெயின் என்றும், அதற்குக் கீழே கிடைக்கும் அடுக்குக்கு ஸ்பிளிட் என்றும் பெயர். கிரெயின் அடுக்கின் மேற்புறத்தில் நார்கள் மிக நுண்ணியவை. நெருக்கமாக முடைந்த பாயைப் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஆகவே அது கிழிவதை நன்றாக எதிர்க்கிறது, தண்ணீரை எளிதில் உறிஞ்சுவதில்லை, மெல்லியதாக இருந்தாலும் வலுவாக இருக்கிறது. ஸ்பிளிட் அடுக்கின் நார்கள் தடித்தவை, தளர்ந்தவை. இரு பக்கமும் சொரசொரப்பாக இருக்கும். உராய்வையும் வெப்பத்தையும் அது ஓரளவு நன்றாகவே தாங்கும், விலையும் குறைவு. ஆனால் தண்ணீரைக் குடிக்கும், ஒரு முறை கிழியத் தொடங்கினால் கிழிசல் எளிதாக ஓடும். ஒரே தடிமனுள்ள இரண்டு கையுறைகளில் கிரெயின் தோலால் ஆனது பல மடங்கு நாள் உழைப்பதும் உண்டு என்பதற்கு இதுவே காரணம்.

ஸ்பிளிட் எல்லாமே மட்டம் என்று நான் சொல்லவில்லை. விலாப்பகுதியிலிருந்து எடுக்கும் ஸ்பிளிட்டின் நார்கள் அடர்த்தியானவை. கல், செங்கல், பற்றவைப்பு வேலைகளுக்கு அது நம்பத்தகுந்தது. தோள்பகுதி ஸ்பிளிட் சுருக்கங்களோடு சற்றுத் தரம் குறைந்ததாக இருக்கும். வயிற்றுப்பகுதி ஸ்பிளிட்தான் கடைசித் தரம்: தொட்டால் பஞ்சுபோல் இருக்கும், தடிமன் இடத்துக்கு இடம் மாறும், இழுத்தால் நீண்டுகொண்டே போகும். சில வாரங்களில் கிழியும் கையுறைகளில் கணிசமானவை இந்த வகையைச் சேர்ந்தவை. கடையில் கையுறையின் உள்ளங்கைப் பகுதியை இரு கைகளாலும் பிடித்துக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நன்கு நீண்டு, விட்ட பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாத தோலை வைத்துவிடுங்கள்.

இன்னொன்றிலும் கவனம் வேண்டும். ஸ்பிளிட்டின் மேல் பிளாஸ்டிக் பூச்சு ஒன்றைப் பூசி, கிரெயின் போன்ற வரிகளையும் அச்சிட்டுவிட்டால், பார்வைக்கு அது மேலடுக்குத் தோலைப் போலவே இருக்கும். வேலையில் அந்தப் பூச்சு உரிந்ததும் அடியில் இருக்கும் தளர்ந்த நார் வெளியே வந்துவிடும். அடையாளம் காண எளிய வழி, மணிக்கட்டு ஓரத்தில் வெட்டப்பட்ட விளிம்பைப் பார்ப்பதுதான். உண்மையான கிரெயினில் மேற்பரப்பு கீழேயுள்ள நாரோடு படிப்படியாகக் கலந்திருக்கும். பூச்சுத் தோலில் மேலே தனித்த ஒரு மெல்லிய படலம் தெரியும். தோலை உட்புறமாக மடித்து அழுத்தினால், கிரெயினில் நுண்ணிய சுருக்கங்களும் மயிர்த்துளைகளும் ஒழுங்கில்லாமல் தோன்றும். அச்சிட்ட வரிகளோ ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வரும்.

எந்த விலங்கின் தோல் என்பதும் வேலையைப் பொறுத்தது. மாட்டுத்தோல் உராய்வுக்கும் முரட்டுப் பிடிக்கும் ஏற்றது; விலைக்கும் உழைப்புக்கும் நடுவே நல்ல சமநிலை உடையது; நனைந்து காய்ந்தால் விறைத்துப்போவதே அதன் முக்கியக் குறை. எருமைத்தோல் இன்னும் தடித்தது, உராய்வைத் தாங்குவது, ஆனால் விரலசைவு குறையும். வெள்ளாட்டுத் தோல் மெல்லியதாக இருந்தும் அதன் தடிமனுக்கு மீறிய வலுவுடையது. ஆணி எடுப்பது, கம்பி முறுக்குவது, கொக்கி மாட்டுவது போன்ற விரல்நுனி வேலை கலந்த இடங்களில் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். பன்றித்தோலில் மயிர்த்துளைகள் தோலை ஊடுருவிச் செல்வதால் காற்றோட்டம் உண்டு. நனைந்து உலர்ந்தாலும் மாட்டுத்தோல் அளவுக்கு விறைக்காது. ஈரமான நிலத்தில் வேலை செய்பவர்களுக்கு அது மிகப் பொருத்தம். மான்தோல் எல்லாவற்றிலும் மென்மையானது, ஈரத்துக்குப் பிறகும் மென்மை மாறாதது. ஆனால் கருங்கல்லையும் முள்கம்பியையும் அதற்குக் கொடுக்கக் கூடாது. செம்மறித்தோல் இன்னும் மென்மையானது, ஆயினும் இத்தகைய வேலைகளுக்கு அது தேறாது.

இந்த இடத்தில் தடிமனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 0.8 முதல் 1 மில்லிமீட்டர் வரையிலான வெள்ளாட்டுத் தோல் பெரும்பாலான பொதுவேலைக்குப் போதும்; மாட்டுத்தோலில் 1 முதல் 1.2 மில்லிமீட்டர் இருந்தால் அது கடும் வேலைக்குத் தகும். அதற்கு மேல் போகும்போது ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. தடித்த கையுறைக்குள் கை பாதிப் பலத்தைத் தோலை மடக்குவதிலேயே செலவிடுவதால், பொருளைப் பிடிக்க இன்னும் இறுக்க வேண்டியிருக்கிறது, முன்கை சீக்கிரம் களைக்கிறது, களைத்த கை பிடியை நழுவவிடுகிறது. மேலும், விரலால் எதையும் உணர முடியாதவர் நுணுக்கமான வேலை வரும்போதெல்லாம் கையுறையைக் கழற்றிவைத்துவிடுவார். காயம் பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களில்தான் படுகிறது. ஆகவே முழுக் கையுறையையும் தடிமனாக்குவதைவிட, நடுத்தரத் தடிமனுள்ள தோலில் உள்ளங்கை, கட்டைவிரல் கவட்டு, ஆள்காட்டி விரலின் உட்பக்கம் ஆகிய இடங்களில் மட்டும் இரண்டாவது தோல் வைத்துத் தைத்த கையுறை மேலானது.

பதனிடும் முறையையும் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது. வேலைக் கையுறைகளில் பெரும்பாலானவை குரோமியம் உப்பால் பதனிடப்பட்டவை. அத்தகைய தோல் மென்மையாக இருக்கும், ஈரத்தையும் வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும். ஈரமான நிலையில் அது சுருங்கத் தொடங்கும் வெப்பம் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ். மரப்பட்டை போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்ட தோல் சுமார் 70 முதல் 85 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்குகிறது. குரோமியத்தில் கவலைக்குரியது குரோமியம் VI எனப்படும் அதன் ஆறு இணைதிற வடிவம். பதனிடுதல் சரியாக நடக்காதபோது அது கையுறைத் தோலில் உருவாகி, அணிபவரின் சருமத்தில் அழற்சியைத் தூண்டக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் உடலில் படும் தோல்பொருள்களில் அதற்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற வரம்பை விதித்திருக்கிறது. கையுறை அணிந்த நாள்களில் மணிக்கட்டில் அரிப்பும் தடிப்பும் வருபவர்கள், வியர்வைதான் காரணம் என்று விட்டுவிடாமல், இந்த வரம்புக்கு உட்பட்டதாகக் குறிப்பிடப்பட்ட கையுறைக்கு மாறிப் பார்ப்பதும், மருத்துவரிடம் காட்டுவதும் அவசியம்.

தையலைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் வாங்குபவர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பது அதைத்தான். பருத்தி நூல் வியர்வையிலும் மண்ணின் ஈரத்திலும் மக்கிப்போகும். பாலியஸ்டர் அல்லது நைலான் நூல் அப்படி மக்காது. நெருப்புப்பொறி பறக்கும் வேலைக்கு, வெப்பத்தில் உருகாத செயற்கை இழையான அராமிட் நூல் வேண்டும், ஏனெனில் நைலானும் பாலியஸ்டரும் உருகிவிடும். தையல் வகையிலும் வேறுபாடு உண்டு. சங்கிலித் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் இழுக்க இழுக்க வரிசையாகப் பிரிந்துகொண்டே போகலாம்; மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் தையலில் ஓரிடம் அறுந்தாலும் அக்கம்பக்கம் நிற்கும். இரண்டு தோல்விளிம்புகளுக்கு நடுவே ஒரு மெல்லிய தோல்பட்டையை வைத்துத் தைத்திருந்தால், உராய்வு முதலில் அந்தப் பட்டையில்தான் படும், நூல் ஒளிந்துகொள்ளும். விரல்களின் அடியிலும் கவட்டிலும் அந்தப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால், செய்தவர் உழைப்பை நினைத்துச் செய்திருக்கிறார் என்று நம்பலாம்.

வெட்டும் முறையில் இரண்டு வகை பரவலாக உண்டு. க்ளூட் கட் என்பதில் உள்ளங்கைப் பக்கம் முழுவதும் ஒரே துண்டாக இருக்கும். விரல்களின் ஓரங்களில் தையல் ஓடும். கையுறை சற்று அகலமாகவும் பெட்டிபோன்ற வடிவிலும் அமையும். கன் கட் என்பதில் நடுவிரல்கள் தனித் துண்டுகளாக வெட்டப்பட்டு, தையல்கள் பிடியின் அழுத்தம் நேராக விழாத இடத்துக்கு நகர்த்தப்பட்டிருக்கும். விரல்கள் இயல்பாக மடங்கும். நாள் முழுவதும் மண்வெட்டியோ கடப்பாரையோ பிடிப்பவருக்கு இரண்டாவது வகையே ஏற்றது. கட்டைவிரல் நேராக மேல்நோக்கித் தைக்கப்பட்டிருக்கிறதா, கை இயல்பாக நிற்பது போலச் சாய்ந்து விலகி நிற்கிறதா என்பதையும் பாருங்கள். சாய்ந்து நிற்கும் அமைப்பில், குறிப்பாக அடியில் தனித் துண்டு வைத்துத் தைத்த கீஸ்டோன் வகையில், கவட்டின் மீது விழும் இழுவை குறைகிறது. கட்டைவிரல் கவட்டில் கிழிந்த கையுறைகளுக்குப் பெரும்பாலும் இதுவே தீர்வு.

அளவைத் தோராயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டைவிரலைச் சேர்க்காமல், விரல்மூட்டுகளுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையைச் சுற்றி அளவுநாடாவால் அளக்க வேண்டும். ஐரோப்பிய அளவு வரிசையில் 203 மில்லிமீட்டர் சுற்றளவு 8ஆம் எண், 229 மில்லிமீட்டர் 9ஆம் எண், 254 மில்லிமீட்டர் 10ஆம் எண். அதாவது எண் என்பது ஏறத்தாழ அங்குலக் கணக்குதான். நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரையுள்ள நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: அந்த மூன்று எண்களுக்கும் அது முறையே 182, 192, 204 மில்லிமீட்டர். தோல் அணிய அணிய அகலத்தில் சற்று இளகும், நீளத்தில் அவ்வளவாக இளகாது. எனவே புதிதில் அகலம் இதமான பிடிப்போடும், விரல் நீளம் சரியாகவும் இருக்க வேண்டும். கையை முஷ்டியாக மூடும்போது புறங்கையில் தோல் இழுத்துப் பிடித்தால் ஓர் எண் கூட்டுங்கள். விரல்நுனியில் வெற்றுத் தோலைக் கிள்ளிப் பிடிக்க முடிந்தால் ஓர் எண் குறையுங்கள்.

மணிக்கட்டுப் பகுதியில் சுருங்கி நிற்கும் பின்னல் இருந்தால் மண்ணும் மரத்தூளும் உள்ளே போகாது. அகன்று விறைத்த மணிக்கட்டு, கையுறை எங்காவது மாட்டிக்கொண்டால் கையை உடனே உருவிக்கொள்ள உதவும். முட்புதருக்கு முழங்கைவரை நீளும் உறை வேண்டும். உள்துணி வெப்பக் காலத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. அது வியர்வையைத் தேக்கிவைத்துத் தோலை உள்ளிருந்து கெடுக்கும்.

பொதியில் சுத்தியல் படத்துக்குக் கீழே 4 எண்களும் ஓர் எழுத்தும் அச்சிடப்பட்டிருந்தால் அது இஎன் 388 என்ற ஐரோப்பியத் தரக்குறிப்பு. முதல் எண் உராய்வு எதிர்ப்பு. 4ஆம் நிலை பெற, மணல்தாளில் 8000 சுற்றுகள் தேய்த்தும் துளை விழாமல் இருக்க வேண்டும், 3ஆம் நிலைக்கு 2000 சுற்றுகள். இரண்டாவது எண் சுழலும் கத்தியால் வெட்டுப்படுவதற்கான எதிர்ப்பு. மூன்றாவது கிழிசல் எதிர்ப்பு. 4 என்றால் குறைந்தது 75 நியூட்டன் விசை. நான்காவது குத்துதல் எதிர்ப்பு. அதற்கு 4 கிடைக்க 150 நியூட்டன் வேண்டும். கடைசியில் வரும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்து, நேர்க்கோட்டில் இழுக்கும் கத்தியைக் கொண்டு அளக்கும் வெட்டு எதிர்ப்பு. நீடித்த உழைப்புக்கு முதல் எண்ணிலும் மூன்றாம் எண்ணிலும் 3 அல்லது 4 இருக்கும்படி பாருங்கள். சாதாரணத் தோலுக்கு வெட்டு எண் பெரும்பாலும் 1 அல்லது 2 ஆகவே இருக்கும். தகரம், கண்ணாடி, கூரிய உலோக விளிம்பு ஆகியவற்றைத் தொடர்ந்து தொடுபவர், உள்ளே அராமிட் அல்லது உயர்வலுப் பாலியெத்திலீன் பின்னல் வைத்த தோல் கையுறையை நாட வேண்டும். குத்துதல் சோதனை 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருக்குக் கம்பியால் செய்யப்படுகிறது என்பதையும் மனத்தில் வையுங்கள். அதில் முழு மதிப்பெண் பெற்ற கையுறையைக்கூட ஒரு கூரிய முள் தைத்துவிட முடியும்.

இவற்றை உங்கள் வேலைகளுக்குப் பொருத்திச் சொல்கிறேன். காய்ந்த கல்லை அடுக்குவதற்கு உள்ளங்கையில் இரட்டைத் தோல் வைத்த விலாப்பகுதி ஸ்பிளிட்டே போதும், அதன் சொரசொரப்பு பிடிக்கும் உதவும். கல் ஈரமாக இருக்குமானால் கிரெயின் மாட்டுத்தோல் வேண்டும். முள்கம்பி வேலிக்குக் கிழிசல் எண் உயர்ந்த கிரெயின் மாட்டுத்தோலும், அகன்ற மணிக்கட்டும் தேவை. முட்புதருக்கு நெருங்கிய நாருள்ள வெள்ளாட்டுத் தோலும் நீண்ட உறையும் நல்லது. வேலை முடிந்ததும் கையுறையின் உள்ளே விரல்விட்டுத் தடவாமல், அதன் உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, முறிந்து நிற்கும் முள்நுனிகளை இடுக்கியால் பிடுங்குங்கள், இல்லையென்றால் அடுத்த நாள் அவை கையில் ஏறும். மரத்துண்டுகளுக்குக் கிரெயின் தோல் சிராய்களைத் தடுக்கும். கயிறு இழுப்பவர்கள் உள்ளங்கைக்கும் கவட்டுக்கும் குறுக்கே இரட்டைத் தோல் இல்லாத கையுறையை அணியவே கூடாது. கயிறு வழுக்கும் வெப்பத்தில் ஒற்றைத் தோல் சீக்கிரம் கருகிவிடும். ஒரே ஜோடியில் எல்லா வேலையையும் முடிக்க விரும்பினால், 1 மில்லிமீட்டருக்குக் குறையாத கிரெயின் மாட்டுத்தோல், கன் கட், கீஸ்டோன் கட்டைவிரல், பாலியஸ்டர் நூல், உள்ளங்கை மேல்ஒட்டு என்று கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு நல்ல தோலானாலும் சில வேலைகளுக்கு அது ஆகாது. ஈரச் சிமெண்டின் காரத்தன்மை 12 பிஎச்சுக்கு மேல் இருக்கும். தோல் அதை உறிஞ்சிக் கையோடு ஒட்டவைத்துக்கொள்வதால் கையுறையும் கெடும், கையும் புண்ணாகும். அங்கே ரப்பர் அல்லது நைட்ரைல் (ஒரு செயற்கை ரப்பர்) கையுறைதான் சரி. பூச்சிமருந்துக்கும் இதுவே பொருந்தும். சுழலும் துளைப்பான், குழி தோண்டும் இயந்திரம், கடைசல் பட்டறை ஆகியவற்றின் அருகே கையுறை சுழற்சியில் சிக்கிக் கையையும் இழுத்துக்கொள்ளும். சங்கிலி ரம்பத்தைச் சாதாரணத் தோல் தடுக்காது. அதற்கென்று சோதிக்கப்பட்ட கையுறைகள் தனியாக உண்டு. மின்சாரத்துக்குத் தோல் காப்பு அல்ல. மின்காப்பு ரப்பர் கையுறைக்கு மேல் அதைக் காக்கும் உறையாக மட்டுமே தோல் கையுறை பயன்படுகிறது.

பராமரிப்பு கடினமில்லை, ஆனால் தவறாமல் செய்ய வேண்டும். மண் காய்ந்தபின் தூரிகையால் தட்டிவிடுங்கள். வியர்வை உப்பு வெண்மையாகப் படிந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். நனைந்த கையுறையை முறுக்கிப் பிழியாமல், தாளைச் சுருட்டி உள்ளே திணித்து வடிவம் கொடுத்து, நிழலில் காற்றுப்படும்படி உலர விடுங்கள். விரைவாகச் சூடேற்றினால் தோலிலுள்ள எண்ணெய்ப்பசை போய், நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விறைத்துவிடும். முக்கால்வாசி காய்ந்த நிலையில் ஒருமுறை அணிந்து விரல்களை மடக்கி நீட்டிவிட்டால் நார்கள் பிரிந்து இளகும். முழுதும் காய்ந்த பிறகு தேன்மெழுகு கலந்த, தோலுக்கான களிம்பை மெல்லியதாகத் தேய்த்தால் போதும்; எண்ணெயில் ஊறவைத்தால் தோல் தொளதொளத்து, பிடி வழுக்கி, பொறி பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். நாள்தோறும் வேலை செய்பவர் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிந்தால் ஒவ்வொன்றும் முழுமையாக உலர நேரம் கிடைக்கும்.

தையல் பிரியத் தொடங்கியதும், பழைய துளைகள் வழியாகவே மெழுகு பூசிய பாலியஸ்டர் நூலால் கையாலேயே தைத்துவிடலாம். புதிய துளை போட்டால் தோல் அந்த வரிசையில் பலவீனமாகும். உள்ளங்கையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போது ஒளி கசிந்தாலோ, இரண்டு விரல்களால் பிடிக்கையில் நடுப்பகுதி ஓரத்தைவிடத் தெளிவாக மெலிந்திருந்தாலோ, அந்த ஜோடியை முள்ளுக்கும் கம்பிக்கும் கொண்டுபோகாமல், தழை அள்ளுவது, செடிச்சட்டி நகர்த்துவது போன்ற இலகுவான வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.